எங்களைக் கவனிக்க வேண்டாம், கணக்கைத் தீர்த்தால் போதும்

குமரி மாவட்டத்தின் பங்குத் திருவிழாக் கமிட்டிகள், கோவில் கொடை விழாக் கமிட்டிகள், ஓணத்துக்கும் பொங்கலுக்கும் கிறிஸ்துமசுக்கும் மேடை போடுகிற கிளப்புகள், நற்பணி மன்றங்கள் எல்லாவற்றின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும், முக்கியமாகப் பொருளாளர்களுக்கும் வணக்கம்.

26 வருஷமாக இந்த மாவட்டத்து மேடைகளில் கிட்டார் வாசிக்கிறவன் நான். ஆரல்வாய்மொழியில் இருந்து களியக்காவிளை வரை நான் ஏறாத மேடை குறைவு. உங்களில் பலருக்கு என் முகம் தெரிந்திருக்கும், பெயர் தெரியாது. "அந்த ஓரத்துல நிப்பாரே, கண்ணாடி போட்ட கிட்டார்காரர்" என்று யாராவது சொன்னால் ஞாபகம் வரும். அந்த ஓரத்தில் நிற்கிறவர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. எழுதினால் நாலு புரோகிராம் குறையும் என்று வீட்டில் எச்சரித்தார்கள். சரி, குறையட்டும்.

நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் கோவிலில் கொடி ஏறிவிட்டால் எங்களுக்கு சீசன் தொடங்கிவிட்டது என்று கணக்கு. டிசம்பர் 3-ல் அந்தத் திருவிழா முடிவதற்குள் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று டைரி நிரம்பிவிடும். அப்புறம் பங்குனி, சித்திரையில் அம்மன் கொடை, மாடன் கொடை. அட்வான்ஸ் பேச நீங்கள் போன் எடுப்பதற்கு முன்னால், மேடைக்குப் பின்னால் எங்களுக்கு நீங்கள் வைக்கிற சரக்கைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

சவுண்ட் செக் முடிந்திருக்கும். மணி ஆறரை. மேடைக்குப் பின்னால் நாங்கள் ஒயரைச் சுற்றிக்கொண்டிருப்போம். வெள்ளைச் சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவர் வருவார். "மாஸ்டர், ஒரு நிமிசம் இங்கோட்டு வாருங்க." பின்பக்கம் பள்ளிக்கூட வகுப்பறை ஒன்று திறந்திருக்கும். பெஞ்சின் மேல் இரண்டு ஃபுல், தண்ணீர் கேன், பிளாஸ்டிக் டம்ளர் அடுக்கு, மிக்சர் பொட்டலம், உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்த் துண்டு. கரும்பலகையில் அன்றைய திருக்குறள் அழியாமல் இருக்கும். "உங்களை நாங்க கவனிச்சாச்சு, இனி நீங்க எங்களைக் கவனிக்கணும்" என்று சிரித்துக்கொண்டே கதவைச் சாத்திவிட்டுப் போவார்.

இந்தக் கவனிப்பை நிறுத்திவிடுங்கள். நான் கேட்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் ஏன் என்பதற்கான விளக்கம்.

உடனே "மாஸ்டர் தியானத்துக்குப் போய்ட்டு வந்துட்டார் போல" என்று நினைக்க வேண்டாம். நான் குடிப்பவன். கிட்டாரோடு குடிப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு என்பதை இல்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். சீசனில் எங்களுக்குத் திங்கட்கிழமைதான் ஓய்வு. கடியபட்டணத்தில் ஒரு நண்பனின் மொட்டை மாடியில் நாலைந்து பேர் கூடுவோம். இரண்டு அக்கூஸ்டிக் கிட்டார், தாளம் தட்ட ஒரு கஹோன் பெட்டி. அது இல்லாத நாளில் தண்ணீர் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டால் போதும். கீழே இருந்து அவித்த மரச்சீனிக் கிழங்கும் சாளைக் கறியும் வரும். ஆளுக்கு இரண்டு சின்ன ரவுண்டு. அதற்கு மேல் போனால் அவனுடைய அம்மா மாடிப்படியில் நின்று இருமுவார்கள். ஊரில் அதைவிடப் பெரிய சட்டம் கிடையாது.

அங்கே வாசிக்கிற வாசிப்பே வேறு. யாரும் பாட்டுச் சீட்டு வைத்திருப்பதில்லை. ஒருவன் ஏ மைனரில் சும்மா தடவிக்கொண்டிருப்பான். இன்னொருவன் அதன் மேல் நாலு நோட்டை வைப்பான், பிடிக்கவில்லை என்றால் எடுத்துக்கொள்வான். தப்பான கார்டு விழுந்தால் "அதை மறுபடி போடு, நல்லாருக்கு" என்று சொல்ல ஆள் இருக்கும். மேடையில் 4 நிமிஷத்தில் முடிக்க வேண்டிய பாட்டு அங்கே அரை மணி நேரம் ஓடும், அதில் பாதி நேரம் யாரும் பாடியிருக்க மாட்டார்கள். முட்டம் கலங்கரை விளக்கின் வெளிச்சம் சுற்றி வரும். அதையே தாளமாக வைத்து வாசிப்பது எங்கள் பழைய விளையாட்டு. முதல் ரவுண்டில் வெளிச்சம் கச்சிதமாகச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், வந்து விழும். மூன்றாவது ரவுண்டு என்று ஒன்று நடந்துவிட்ட ஒரு நாளில், "லைட் ஹவுஸ் தாளம் தப்புது மக்கா" என்று எங்கள் பேஸ் கிட்டார்காரன் உண்மையாகவே கோபப்பட்டான்.

கடற்கரைக் காற்றுக்கு ஒரு வாரத்தில் வெண்கலக் கம்பி கறுத்துவிடும், சத்தம் செத்துவிடும். அந்த மாடியில் அதற்கும் யாரும் கவலைப்படுவதில்லை. செத்த கம்பிக்கென்று ஒரு மென்மை இருக்கிறது, இரவில் அது நன்றாகவே இருக்கும். கிளாஸைக் கிட்டார் மேல் வைக்கக் கூடாது என்ற ஒரு விதி மட்டும் உண்டு. அந்த இரண்டில் ஒன்று நண்பனின் அப்பா கொயரில் வாசித்த பழைய கிட்டார், அரக்கு பாலிஷ் போட்டது. மரவேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும், அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தான் அந்த பாலிஷ் போடுவார்கள். மறுபடி ஸ்பிரிட் பட்டால் அது இளகிவிடும். பிராந்தி சொட்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் இன்றைக்கும் இருக்கிறது. யார் சொட்டியது என்பதில் 15 வருஷமாகத் தகராறு.

இந்த மாடியைப் பற்றிச் சொன்னால் கமிட்டிக்காரர்கள் சிலர் உடனே கவிமணியைத் துணைக்கு அழைப்பார்கள். வகுப்பறைக் கதவைச் சாத்துவதற்கு முன்னால் ஒரு பொருளாளர் என்னிடம் கவிமணியின் பாட்டு ஒன்றை முழுசாகவே ஒப்பித்தார், கொஞ்சம் தடுமாறினாலும் நன்றாகத்தான் சொன்னார். தேரூர்க்காரர், நம்ம ஊர்க் கவி. உமர் கய்யாமைத் தமிழில் தந்தபோது நிழலும் தென்றலும் கம்பன் கவியும் கலசம் நிறைய மதுவும் பாட்டும் ஒரே இடத்தில் கூடிய சொர்க்கத்தைக் காட்டினார். அதை நானும் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கவனமாகப் படியுங்கள். கலசம் வைத்திருப்பவர் உட்கார்ந்து கேட்கிறார். பாடுவது "நீ". அந்த "நீ" குடித்ததாகக் கவிமணி எங்கேயும் சொல்லவில்லை. திருவிழா மேடையில் அந்த "நீ" நாங்கள்தான். கலசம் யாருக்கு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கூட்டத்துக்கு என்று நான் சொல்லவில்லை, கூட்டத்திலும் ஏற்கெனவே போதுமான கலசம் இருக்கிறது.

"ரெண்டு அடிச்சாத்தான் மாஸ்டருக்குக் கை ஓடும்" என்று சொல்வீர்கள். எங்கள் பையன்களிலும் பாதிப் பேர் இதை நம்புகிறார்கள். கை ஓடுவது உண்மைதான், அதுதான் சிக்கலே. சிறுமூளைதான் நேரத்தையும் விரலையும் சேர்த்து இழுத்துக் கட்டி வைத்திருப்பது, மது முதலில் அவிழ்க்கிற முடிச்சுகளில் அதுவும் ஒன்று. ஆள்காட்டி விரலால் 6 கம்பியையும் சேர்த்து அழுத்துகிற பார் கார்டில் ஒரு கம்பி மட்டும் செத்துப்போய் 'டப்' என்று கேட்கும். வாசிக்கிறவனுக்கு அது தெரியாது, தான் பிரமாதமாக வாசிப்பதாகவே இருக்கும். அதோடு மது காதையும் கொஞ்ச நேரத்துக்கு மந்தமாக்கும், அதிலும் தாழ்ந்த ஒலிகளை. பேஸ் கேட்கவில்லை என்று பேஸ்காரன் ஆம்பைக் கூட்டுவான், அவன் கூட்டியதால் நான் கூட்டுவேன், டிரம்மர் தன் பலத்தைக் காட்டுவார். பாடுகிற பெண்ணின் குரல் இதற்கு அடியில் எங்கேயோ கிடக்கும். அடுத்த நாள் நீங்கள் சொல்வது, "மியூசிக் ஓவர், பாட்டு கேக்கல." சவுண்ட் மிக்சரில் இருந்த பையன் மேல் பழி. அவன் மட்டும்தான் அன்றைக்குக் குடிக்காதவன்.

என் கதையையே சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால், மேற்குக் கரையில் ஒரு ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம், படித்தால் அவர்களுக்கே தெரியும். சோடா பாட்டிலில் கலந்தே கொண்டுவந்து கொடுத்தார்கள். எவ்வளவு கலந்திருக்கிறது என்று குடிக்கிறவனுக்குத் தெரியாமல் இருப்பதுதான் அந்த ஏற்பாட்டின் விசேஷம். எட்டாவது பாட்டுக்கு கிட்டாரில் 2-வது ஃப்ரெட்டில் கேப்போ போட்டிருந்தேன். ஒன்பதாவது பாட்டுக்கு அதை எடுத்திருக்க வேண்டும், எடுக்கவில்லை. கீபோர்டு அண்ணன் டி-யில் தொடங்கினார். நானும் டி பிடித்தேன், வந்தது இ. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கேப்போ என்பது கிட்டார் கழுத்தில் மாட்டுகிற கிளிப், 2-வது ஃப்ரெட்டில் போட்டால் எல்லாக் கம்பியும் ஒரு முழு நோட் ஏறிவிடும். இரண்டு பேர் இரண்டு சுருதியில் ஒரே பாட்டை வாசித்தால் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லி விளக்க முடியாது. கல்யாண வீட்டில் இரண்டு ஸ்பீக்கர் இரண்டு பாட்டுப் போட்டதைக் கேட்டிருப்பீர்கள், ஏறக்குறைய அதுதான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கீபோர்டு அண்ணனை முறைத்தேன். அவர்தான் தப்பாக வாசிக்கிறார் என்று எனக்கு அவ்வளவு நிச்சயம். பல்லவி முடிந்து சரணம் தொடங்குகிற வரைக்கும் முறைத்துக்கொண்டே வாசித்தேன். நம்ம மாவட்டத்துக் கூட்டம் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பாதிப் பேர் எங்காவது ஒரு கொயரில் டெனரோ ஆல்டோவோ பாடியிருப்பார்கள். வேறு ஊரில் கைதட்டிக் கடந்திருப்பார்கள், இங்கே மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். கடைசியில் பாடுகிற பிள்ளையே வந்து என் கிட்டார் கழுத்தைத் தொட்டுக் காட்டியது.

அன்றைக்கு மைக்கைப் பிடித்து "குடிச்சிட்டு வாசிக்க வந்த கலைஞர்களுக்குக் கமிட்டி சார்பாக் கண்டனம்" என்று அறிவித்தவரும், ஆறரை மணிக்கு அந்த சோடா பாட்டிலைக் கொண்டுவந்தவரும் ஒருவரேதான். பேமெண்டில் 3,000 ரூபாய் பிடித்தார்கள். பிடித்தது நியாயம் என்று இன்றைக்கும் நினைக்கிறேன், என் தப்பு என் தப்புதான். ஊற்றிக் கொடுத்தவருக்கு என்ன பிடித்தார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரிய வரவில்லை.

"இது இன்னைக்கு நேத்து வந்த பழக்கமா? உங்க தாத்தா காலத்துலேயே உள்ளதாக்கும்" என்று ஒரு தலைவர் சொன்னார். அவர் சொன்னது சரிதான். என் தாத்தா வில்லுப்பாட்டுக் குழுவில் குடம் அடித்தவர். திருவிதாங்கூர் ஆட்சி, அதாவது 1956 நவம்பர் 1-ல் இந்த மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்திய காலம். கொடையில் இரவு முழுக்கக் கதை ஓடும், விடிந்துதான் வாழி பாடுவார்கள். இடையில் சாப்பாடும் கலயத்தில் கள்ளும் வருமாம். அவர் அதை ரசித்துத்தான் சொல்வார். ஒரே பனை, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி, அதாவது பதநீர், தடவாவிட்டால் கள், கிழவருக்கு இரண்டும் பிடிக்கும் என்பார். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். கள்ளில் மதுச்சத்து ஏறக்குறைய நூற்றுக்கு 5. அது இங்கே 1987 ஜனவரி 1-ல் தடையானது, இன்றும் அப்படித்தான். (களியக்காவிளையைத் தாண்டிக் கேரளத்தில் பாறசாலைப் பக்கம் புரோகிராமுக்குப் போனால் மட்டும் கள்ளு ஷாப்பு கண்ணில் படும்.) 2003 நவம்பரில் இருந்து டாஸ்மாக் விற்பது நூற்றுக்கு 42.8. பழக்கத்தின் பெயர் அதேதான், உள்ளே இருக்கிற சரக்கு எட்டு மடங்குக்கும் மேல்.

இன்னும் ஒன்று. தாத்தாவுக்கு விடிய விடிய வாசிக்க வேண்டியிருந்தது. எங்களுக்கு அப்படி இல்லை. 2000-ல் வந்த ஒலிமாசு விதிப்படி இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வேண்டும். விசேஷ அனுமதி வாங்கினால் 12 வரை. இரண்டரை, மூன்று மணி நேர வேலை. அதற்குக் கண் விழிக்க மருந்து தேவையில்லை. ஆறரை மணிக்கு ஒரு குவார்ட்டர் உள்ளே போனால், அதாவது 180 மில்லியில் ஏறக்குறைய 60 கிராம் சுத்த ஆல்கஹால், அதை உடம்பு ஒரு மணிக்கு ஏழில் இருந்து பத்து கிராம் என்ற வேகத்தில்தான் கரைக்கும். நீங்களே வகுத்துப் பாருங்கள். கடைசிப் பாட்டு முடியும்போது ஏறக்குறைய பாதிதான் கரைந்திருக்கும். அந்த நிலைமையில்தான் நாங்கள் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுக்கிறோம். வண்டி ஓட்டுகிறவருக்குச் சட்டம் வைத்திருக்கிற கோடு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். பலருக்கு ஒரு லார்ஜே அதைத் தாண்டிவிடும். தக்கலை ரோட்டில் பிடித்தால் 10,000 ரூபாய் அபராதம், என் ஐந்து புரோகிராம் காசு. பிடிக்காமல் போனால் அது இன்னும் மோசம். வளைவில் லாரி பிடிக்கும்.

கரண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், இதை யாரும் பேசுவதில்லை. எலெக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்தவை. கிட்டார் ஆம்புக்கு ஜெனரேட்டர் கரண்ட், மைக் செட்டுக்கு லைன் கரண்ட் என்று வைத்து, எர்த்தும் சரியாக இல்லை என்றால், கம்பியில் கையும் மைக்கில் உதடும் ஒரே நேரத்தில் படும்போது ஷாக் அடிக்கும். கடற்கரை மேடை, ஈர மண், வியர்வைக் கை. இந்த இணைப்பைச் சரிபார்க்க வேண்டியது ஆறு மணியில் இருந்து ஏழு மணிக்குள். அந்த நேரத்தில்தான் நீங்கள் எங்களை வகுப்பறைக்குக் கூப்பிடுகிறீர்கள். எங்கள் டிரம்மர் ஒரு முறை டம்ளரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் மேலேயே வைத்துவிட்டார். கவிழவில்லை, அதனால் இது வெறும் கதையாக இருக்கிறது.

வெளிநாட்டு ஆட்களைக் காட்டி "பெரிய பெரிய கிட்டார்காரன் எல்லாம் பாட்டிலோடதான் வாசிச்சான்" என்று என் குழுவில் உள்ள பையன்களே சொல்வார்கள். வாசித்தார்கள், மறுக்கவில்லை. அதன் மிச்சக் கதையையும் கேட்கட்டும். எரிக் கிளாப்டன் 1987-ல் குடியை விட்டார். 1998-ல் ஆன்டிகுவா தீவில் குடிநோயாளிகளுக்கு ஒரு சிகிச்சை மையம் தொடங்கினார். அடுத்த வருஷம் அதற்காகத் தன்னுடைய 100 கிட்டார்களை ஏலத்தில் விட்டார். நல்ல கிட்டாரை விற்பது எப்படிப்பட்ட வலி என்று வாசிக்கிறவனுக்குத்தான் தெரியும். ஸ்டீவி ரே வான் 1986-ல் சிகிச்சைக்குப் போனார். அதன் பிறகு தெளிந்த கையோடு 1989-ல் கொண்டுவந்த இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. கை ஓடுவதற்குக் குடி வேண்டும் என்றால் அந்த இசைத்தட்டு வந்தே இருக்கக் கூடாது.

இனி நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன், இதுதான் எனக்கு அதிகம் உறுத்துவது. எங்கள் குழுவில் பாடுகிற பெண்கள் இரண்டு பேர். ஒருவர் நர்ஸ், இன்னொருவர் கல்லூரி மாணவி, கூட அவருடைய அம்மா வருவார்கள். நீங்கள் கொடுக்கிற ஒரே அறை அந்த வகுப்பறைதான். அதில் ஃபுல் வைத்துக் கதவைச் சாத்தினால் அவர்கள் உடை மாற்றுவதும் சாப்பிடுவதும் வேனுக்குள்தான். புரோகிராம் முடிந்து மிச்சமிருக்கிற பாட்டில் தீரும் வரை அவர்கள் வேனிலேயே காத்திருக்க வேண்டும். இதனால் எங்கள் குழுவை விட்டுப்போன நல்ல குரல்கள் மூன்று. அவர்கள் காரணம் சொல்லவில்லை, "வீட்டுல விட மாட்டேங்குதாவ அண்ணா" என்றார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் பையன்கள். ரிதம் கிட்டார் வாசிக்கிறவனுக்கு 18 வயது. ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசித்துப் பழகிய கை, மூன்று வருஷத்தில் என்னைத் தாண்டிவிடுவான். 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கக் கூடாது என்று டாஸ்மாக்குக்கே விதி இருக்கிறது. உங்கள் பெஞ்சில் அந்த விதி இல்லை. "என்ன தம்பி, ஆம்பளையா இல்லியா" என்று அவனிடம் டம்ளரை நீட்டியவர் போன வாரம் மறைக்கல்வி வகுப்பு எடுத்தவர். பையன் என்னைப் பார்த்தான். என் கையில் ஏற்கெனவே ஒரு டம்ளர் இருந்தது. என்ன சொல்ல முடியும் என்னால்?

பணத்துக்கு வருகிறேன், பொருளாளர்கள் இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். ஒரு புரோகிராமுக்கு எனக்குக் கிடைப்பது 2,000. ஐந்து வருஷமாக அதே 2,000. ஒரு செட் கம்பி, பெட்ரோல், முந்தின நாள் ரிகர்சலுக்கு விட்ட கூலி எல்லாம் அதில்தான். கூட்டிக் கேட்டால், "அதான் நல்லா கவனிக்கோம்லா மாஸ்டர்" என்பீர்கள். இரண்டு ஃபுல்லின் விலையை எட்டுப் பேருக்குப் பங்கு போட்டால் ஆளுக்குச் சில நூறு ரூபாய் வரும். அதைப் பணமாகக் கொடுத்தால் சம்பள உயர்வு. பாட்டிலாகக் கொடுத்தால் உபசாரம். உபசாரத்துக்கு நாங்கள் நன்றி வேறு சொல்ல வேண்டியிருக்கிறது. திருவிழா முடிந்து கணக்கு வாசிக்கும்போது இது 'மேடை, இதர வகை' என்று ஒரு வரியில் போய்விடும். உங்கள் ஊர்த் தாய்மார் சுண்டல் விற்றும் சீட்டுப் போட்டும் திருவிழா வரிப் பணம் கட்டுகிறார்கள். அந்த இதர வகை என்ன என்று ஒரு நாள் எழுந்து கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள் என்று எனக்கு ஆவலாக இருக்கிறது.

மாடன் கொடையில் மாடனுக்கு ஆடும் கோழியும் சாராயமும் சுருட்டும் படைப்பீர்கள். அது மாடனுக்கும் உங்களுக்கும் உள்ள பழைய கணக்கு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் மாடன் அதற்குப் பிறகு இருபத்தைந்து பாட்டு வாசிக்க வேண்டியதில்லை. சுருதி பார்க்க வேண்டியதில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு குழித்துறைக்குத் திரும்பவும் வேண்டியதில்லை. எங்களை அந்த வரிசையில் வைக்க வேண்டாம்.

எங்கள் பக்கத்தில் தப்பே இல்லை என்று எழுதினால் என் குழுவே சிரிக்கும். அட்வான்ஸ் பேசும்போதே "சரக்கு உண்டுல்லா?" என்று கேட்கிற ஆட்கள் எங்களில் இருக்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். வாசிப்பு சரியில்லாத நாளில் குடியின் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கிற வசதியும் இதில் இருக்கிறது. பயிற்சி இல்லை என்று சொல்வதைவிட "அன்னைக்குக் கொஞ்சம் ஓவர்" என்பது கௌரவமாகக் கேட்கும். நீங்கள் கொடுப்பதை நிறுத்தினால் சிலர் முணுமுணுப்பார்கள், ஒன்றிரண்டு பேர் வராமலும் போகலாம். அவர்களுக்குப் பதில் ஆள் தேடுவது என் பொறுப்பு. சில பேருக்கு அது கேளிக்கையைத் தாண்டி நோயாகவே ஆகிவிட்டது. அவர்களுக்கு உதவி வேறு வகையில் செய்ய வேண்டும், மேடைக்குப் பின்னால் அதையே ஊற்றிக் கொடுத்து முடியாது.

என்ன வேண்டும் என்று கேட்டால், பெரிதாக ஒன்றும் இல்லை. ஆறு மணிக்குச் சூடாகச் சாப்பாடு. கஞ்சியும் பயறும் என்றாலும் சந்தோஷம். நடுவில் ஒரு கட்டன் சாயா, பாடுகிறவர்களுக்குச் சுக்குக் காப்பி. பூட்டுப் போடுகிற ஒரு அறை, அது பெண்களுக்கு. எர்த் சரிபார்க்க உங்கள் எலெக்ட்ரீசியனை அரை மணி நேரம் எங்களோடு நிறுத்துங்கள். கடைசிப் பாட்டு முடிந்ததும் பேசிய தொகை முழுசாகக் கவரில் வரட்டும். "நாளைக்கு அக்கவுண்டில் போட்டுடுதேன்" என்ற வாக்கியத்தை இந்த சீசனில் கேட்கக் கூடாது என்பது எங்கள் எல்லாருடைய பிரார்த்தனை. போன சீசனில் பாக்கி வைத்த இரண்டு கமிட்டிகளுக்கு இந்த மடலின் நகலைத் தனியாக அனுப்புகிறேன்.

இதற்கெல்லாம் பிறகும் கலைஞர்களோடு உட்கார்ந்து ஒரு ரவுண்டு அடிக்க வேண்டும் என்று ஆசை இருக்கிற கமிட்டிக்காரர்கள் திங்கட்கிழமை கடியபட்டணத்துக்கு வாருங்கள். உங்களுக்கு உள்ளதை நீங்கள் கொண்டுவாருங்கள், கிழங்கும் கறியும் எங்கள் செலவு. திரும்பிப் போக வண்டியோட்டக் குடிக்காத ஒருவரையும் கூட்டிவாருங்கள். அங்கே பாட்டு விண்ணப்பம் மட்டும் கொடுக்கக் கூடாது. கொடுத்தாலும் நாங்கள் ஏ மைனரில்தான் இருப்போம்.

இப்படிக்கு,
ஓரத்தில் நிற்கிற கிட்டார்காரன்

பி.கு.: அன்றைக்கு பாடுகிற பிள்ளை என் கிட்டாரில் இருந்து கழற்றிய கேப்போ மேடையிலேயே தங்கிவிட்டது. கறுப்பு நிறம், ஸ்பிரிங் வைத்தது, ஒரு பக்கம் ரப்பர் பிய்ந்திருக்கும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து மேசை இழுப்பறையில் எங்காவது கிடந்தால் கொடுத்தனுப்புங்கள்.